முதலில் மிளகு வரும்

விதி இப்படிச் சொல்கிறது: வெளிநாட்டு மிளகு இந்தியாவுக்குள் வர வேண்டுமானால், அரசு குறித்திருக்கும் குறைந்தபட்ச விலைக்குக் கீழே அதன் விலை இருக்கக் கூடாது. இருந்தால் அது தடை செய்யப்பட்ட சரக்கு. பயணி ஒருவர் சொந்த உபயோகத்துக்கென்று பெட்டியில் கொண்டுவருவது வேறு கணக்கு. அது “நியாயமான அளவில்” இருந்தால் போதும். நியாயமான அளவு எவ்வளவு என்று விதியை எழுதியவர் எழுதவில்லை. அவர் வீட்டில் ரசம் எவ்வளவு காரமாக வைப்பார்களோ, யாருக்குத் தெரியும்.

திருச்சியில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் தலை நரைக்கும் வரை வேலை பார்த்தவன் நான். இந்த விதி நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தது. இருந்தாலும் படித்து வைத்திருந்தேன். ஓய்வுக்குப் பிறகு சிலர் கோயில் கோயிலாகப் போவார்கள். நான் சுற்றறிக்கை படிக்கிறேன். ஆனால் பங்குனியில் நான் இலங்கைக்குப் போனது மிளகுக்காக அல்ல. அக்காவைக் கூட்டிவரப் போனேன்.

எங்கள் குடும்பம் பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் இருந்தது. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து தோட்டத்து ஜனங்களைப் பங்கு போட்டுக்கொண்டபோது அப்பா, அம்மா, நான் மூவரும் இந்தியாவின் பங்கில் விழுந்தோம். அக்கா அழகம்மா அதற்குள் கல்யாணமாகி மாமாவின் விண்ணப்பத்தில் ஏறியிருந்ததால் இலங்கையின் பங்கில் நின்றுவிட்டாள். மாமா இறந்து பல வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. என் பக்கத்தில், மனைவி போய்விட்டாள். மகன் கனடாவில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் தெரிவான். இரண்டு நாடுகளில் இரண்டு கிழங்கள் ஆளுக்கொரு பிடி அரிசி வேகவைப்பது நிர்வாக ரீதியில் வீண் என்று எனக்குப் பட்டது. போனில் சொன்னேன். “நேர்ல வா, பேசிக்குவம்” என்றாள்.

முதல் நாள் கொழும்பிலிருந்து பதுளை போகும் ரயிலிலேயே போயிற்று. அப்புத்தளையில் மேகம் பெட்டிக்குள் ஏறி, டிக்கெட் இல்லாமல் கொஞ்ச தூரம் வந்து இறங்கிக்கொண்டது. எதிரே ஒரு சிங்களக் குடும்பம். அவர்கள் பிரித்த சோற்றுப் பொட்டலத்தில் பருப்பும் கருவாடும் மணத்தன. அந்த அம்மாள் என்னைக் காட்டிக் கணவரிடம் ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற வடைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார்: “தனியா வந்திருக்காரே, கூட யாரும் இல்லையான்னு கேக்குறாங்க.” இல்லை என்றேன். அவர் அதையும் மொழிபெயர்த்தார். அம்மாள் உடனே ஒரு வாழைப்பழத்தை நீட்டினாள். அந்த ஒரு வாரத்தில் இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டார்கள். பழம் கொடுத்தது அவள் மட்டும்தான்.

பதுளையில் தங்கிய விடுதியில் ஒற்றைக் கட்டில் அறை கிடையாது. இரண்டு கட்டில், இரண்டு துவாலை, இரண்டு சோப்பு. ஒருவர் தங்கினாலும் இருவர் தங்கினாலும் ஒரே வாடகை. தனியாக வருகிறவனுக்குக் கழிவு உண்டா என்று கேட்டேன். பொறுப்பாளர் சிரித்தார். காலையில் அறையைச் சுத்தம் செய்ய வந்தவர் கலையாத கட்டிலையும் ஒரு முறை தட்டிப் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் டாலரை மாற்ற வங்கிக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் பலகையில் டாலர், பவுண்டு, யூரோ, வளைகுடா நாடுகளின் பணம் எல்லாம் வரிசையாக இருந்தன. கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்திய ரூபாய் இல்லை. பெண் அலுவலர் என் கடவுச்சீட்டை நகல் எடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி, அந்தக் கையெழுத்துக்கும் ஒரு கையெழுத்து வாங்கினார். ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொன்னார். திரும்பும்போது மிச்சத்தை மாற்ற அது வேண்டும். இதே வாக்கியத்தை எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கும்போது அது கொஞ்சம் மிரட்டல் போல இருக்கிறது.

அக்கா ஒரு வேலை சொல்லியிருந்தாள். “மேல வர்றதுக்கு முன்னாடி நஸீர் நானா கடைல மெளகு வெல கேட்டுட்டு வா.” தம்பி நெடுநாள் கழித்து வருகிறான்; அவனிடம் கேட்க இதுதான் இருந்தது.

நஸீர் நானா பதுளை பஜாரில் மிளகு, கராம்பு, பாக்கு வாங்கி விற்கிறவர். கடைக்குள் நுழைந்ததும் தும்மல் வந்தது. “வாங்கோ சேர், தும்மினாத்தான் கடைக்கு வந்த மாதிரி” என்றார். சுவரில் கரும்பலகை. மிளகுக்கு எதிரே எழுதிய விலையை விரலால் அழித்துவிட்டு, கைப்பேசியைப் பார்த்து, வேறு விலை எழுதினார்.

“காலையில ஒரு விலை, இப்ப ஒரு விலையா?” என்றேன்.

“என்னத்த செய்ற சேர். கொழும்பு ஏத்துமதிக்காரன் டொலர்ல பேசுறான். டொலர் அசைஞ்சா அவன் அசைறான், அவன் அசைஞ்சா நான் அசையணும். வியட்நாம்ல காய்ப்பு நல்லா ஈக்கிதாம். அது வேற.”

“இப்போ டாலர் ஏறுமா, இறங்குமா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க பேங்க்ல இருந்தவராமே. அழகம்மா சொன்னா. நான் உங்ககிட்டக் கேக்கலாம்னு ஈந்தேன்.”

இருவருக்கும் தெரியவில்லை. இஞ்சி போட்ட சாயத்தண்ணி, அதாவது பால் சேர்க்காத தேநீர், வந்தது. குடித்தோம்.

ஸ்பிரிங்வெளி பஸ் பாதி மலையில் நின்றுவிட்டது. நடத்துனர் சிங்களத்தில் கத்தியதைப் பக்கத்தில் இருந்த பெண் தமிழில் சொன்னாள்: “பயப்பட ஒண்ணும் இல்லையாம், இது எப்பவும் இங்கதான் நிக்குமாம்.” இறங்கினோம். கொழுந்துக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணும் இன்னொருத்தியும் சாலை ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

“டாலர் ஏறுனா தேயிலை வெல ஏறும்னாங்க. ஏறுச்சுல்ல?”

“ஏறுச்சு, ஏறுச்சு. நம்ம அரைப்பேர் மட்டும் அரைப்பேராவே இருக்கு.”

பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் கூலி. சொன்ன எடைக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர்தான். விஷயம் அவர்கள் சொன்னதுதான், நான் கொஞ்சம் அலங்காரம் செய்கிறேன்: கொழும்பு ஏலத்தில் தேயிலை ரூபாயில் விலை போகிறது, வாங்குகிறவன் மனதில் டாலர் ஓடுகிறது. ரூபாய் விழுந்தால் அதே தேயிலைக்கு அதிக ரூபாய் கிடைக்கும். கூலி பேச்சுவார்த்தையில் தீர்மானமாவது. அதற்கு டாலரைத் தெரியாது.

கடைசியில் ஒரு த்ரீவீல் வந்தது. ஓட்டியவர் கணேசன். நாற்பது வயதிருக்கும். யார் வீட்டுக்கு என்று கேட்டுவிட்டு, “அட, அழகம்மா பெரியம்மா தம்பியா! பேங்க்கு மாமா!” என்று பின்னால் திரும்பிப் பார்த்தபடியே ஒரு வளைவைக் கடந்தார். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன். “ரோடு எங்க போகப்போகுது” என்றார். பெட்ரோல் விலையைப் பற்றிக் கேட்டேன். “டாலர் ஏறுனா பெட்ரோலுக்கு அன்னைக்கே தெரிஞ்சிரும் மாமா. டாலர் எறங்குனா மட்டும் தகவல் போய்ச் சேர நாளாகும்.”

தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்பார்கள். அக்கா லயத்து வாசலில் நின்றிருந்தாள். என்னைவிடக் குட்டையாகியிருந்தாள். என் கையைப் பிடித்து, சட்டையைத் தொட்டுப் பார்த்து, “நோஞ்சானாப் போயிட்ட” என்றாள். பிறகு, “வெல என்னா சொன்னாரு?” என்றாள். சொன்னேன். உதட்டைப் பிதுக்கினாள்.

தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி, அம்மியில் அரைத்த மிளகாய்க் கட்டசம்பல். ஒரு வாய்க்குக் கண்ணில் நீர் வந்தது. சம்பலின் காரம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. தட்டில் இன்னொரு ரொட்டியை நான் கேட்காமலே போட்டாள். என் வீட்டில் இரண்டு வருஷமாக யாரும் அப்படிப் போடவில்லை.

விஷயத்துக்கு வந்தேன். உறையூரில் வீடு இருக்கிறது, கீழ் அறை காலி. விசா நான் பார்த்துக்கொள்கிறேன். எந்தப் படிவம், எந்த ஜன்னல், எந்த நாள் போனால் கூட்டம் இருக்காது, எல்லாம் தெரியும். அக்கா கேட்டுக்கொண்டே அடுப்பை ஊதினாள்.

“வர்றேன்னு வச்சுக்க. அங்க செத்தா யாருடா தூக்குவா?”

“நான் இருக்கேன்.”

“ஒன்னயே நாலு பேரு தூக்கணும்.”

இங்கே அவளைத் தூக்க ஆள் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அந்த லயங்களுக்கென்று ஒரு மரண ஆதாரச் சங்கம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு மாதச் சந்தா. யாராவது இறந்தால் சவப்பெட்டி, பந்தல், பதினாறாம் நாள் சாப்பாடு வரை சங்கம் பார்க்கும். சில வருஷங்களுக்கு முன் இலங்கை ரூபாய் படுத்துவிட்டதே, அந்த வருஷம் ஒரு கிழவர் இறந்தார். பொறுப்பாகச் சேர்த்து வைத்த சந்தாப் பணத்தை எடுத்துக்கொண்டு பதுளைக்குப் போனார்கள். பெட்டியின் விலை பணத்தைத் தாண்டிப் போயிருந்தது. பாதிப் பெட்டி யாரும் விற்பதில்லை. மூன்றாவது லயத்துக்காரர் ஒருவர் வீட்டிலிருந்த மிளகைக் கொண்டுபோய் நஸீர் நானா கடையில் போட்டார். மிளகு விலையும் அதே வேகத்தில் ஏறியிருந்ததால் பெட்டி வந்தது.

அடுத்த மாதத்திலிருந்து சங்கத்தில் நோட்டு வாங்குவதில்லை. வீட்டுக்கு மாதம் ஒரு சுண்டு மிளகு. சுண்டு என்பது டின்பால் டின் அளவு. லயத்துக்குப் பின்னால் ஓடைக் கரையில் பெரும்பாலான வீடுகளுக்கு நாலு மிளகுக் கொடி இருக்கிறது. இல்லாதவர்கள் கடையில் வாங்கி அளப்பார்கள். கணேசன்தான் செயலாளர். பழைய பிள்ளைக்காம்பராவில், அதாவது தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறையில், தொட்டில் கொக்கிகளில் மூட்டைகள் தொங்குகின்றன. வீட்டுக்கு ஒரு சின்ன மூட்டை, மேலே பெயர். எலி மிளகைத் தொடாது. தரையில் ஈரம் ஏறும் என்பதால் தொங்கவிடுகிறார்களாம்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். ரூபாய் விழுவதிலிருந்து மிளகு காப்பாற்றும், உண்மை. ஆனால் மிளகே விழுந்தால்? வியட்நாமில் நன்றாகக் காய்த்தால் இங்கே விலை இறங்கும். ரூபாய் பலப்பட்டாலும் இறங்கும். கையிருப்பை ஒரே சரக்கில் வைப்பது தவறு. ஒரு பகுதியை வங்கியில் வைப்புத்தொகையாகப் போடலாம். முடித்ததும் கை தட்டினார்கள்.

பிறகு கணேசன் எழுந்தார். “மாமா சொன்னது சரி. போன வருஷம் வெல எறங்கி நம்ம கையக் கடிச்சுச்சு. ஆனா ஒண்ணு மாமா. பொட்டிக்காரன் மெளக வாங்கிக்கிறான். பேங்க்கு பத்திரத்த வாங்குவானா? சாவு சனி ஞாயிறு பாத்தா வருது?”

பின்னாலிருந்து ஒரு கிழவி, “பேங்க்கு தொறக்குற வரைக்கும் பொணத்த ஐஸ்ல வச்சிருங்கடா” என்றாள். பிள்ளைக்காம்பரா அதிர்ந்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது.

அப்போதுதான் அக்கா கூட்டத்தில் எழுந்தாள். “கணேசு, சங்கத்துலேருந்து வெளகுனா மெளகத் திருப்பிக் குடுப்பீங்கல்ல?”

சிரிப்பு நின்றது. “குடுப்போம் பெரியம்மா. ஆனா மறுபடி சேர முடியாது. சட்டம் ஒனக்கே தெரியும்.”

“தெரியும். கேட்டு வச்சுக்கிட்டேன்.”

அக்கா யோசித்து முடிவு சொல்லட்டும் என்று கணேசன் கொக்கியிலிருந்து அவள் மூட்டையை இறக்கி என் கையில் கொடுத்தார். ஒரு கைப்பிள்ளையின் கனம். அந்த மிளகை விற்றால் பெட்டியில் ஒரு பலகை வாங்கலாம், அவ்வளவுதான். எல்லார் மூட்டையோடும் தொங்கும் வரைதான் அது அவளுடைய நல்லடக்கம். தனியாக இறக்கினால் ரசத்துக்குப் போடும் மிளகு.

மூட்டையோடு வீட்டுக்கு நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஒதுங்கினோம்.

“மூட்டையை வித்துப் பணமா எடுத்துக்கயேன்” என்றேன். “நான் முறைப்படி இந்திய ரூபாயா மாத்தித் தர்றேன்.”

“மாத்துனா எம்புட்டு வரும்?”

ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்றுக்கு மேல் இலங்கை ரூபாய். கணக்குச் சொன்னேன். முகம் சுருங்கியது. எண் குறைந்தாலும் மதிப்புக் குறையாது, அங்கே அந்தக் காசுக்கு இவ்வளவு அரிசி வரும் என்று விளக்கினேன். இந்த விளக்கத்தைப் பட்டதாரிகளுக்கே பல தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

“நீ ஆயிரம் சொல்லு. ஏங் கண்ணு முன்னாடி அது மூணுல ஒண்ணாப் போகுது. மெளகு கிலோ அங்கயும் கிலோதான?” மழையைப் பார்த்தாள். “ஏஞ் சாவுக்குன்னு நான் சேத்தது அது ஒண்ணுதான் தம்பி. அத இங்க விட்டுட்டு வெறுங்கையோட ஒன் வீட்டு வாசல்ல வந்து நிக்கச் சொல்றியா? நீ எடுத்துட்டுப் போறேன்னா சொல்லு. இப்பவே போயி பேர வெட்டிட்டு வந்துர்றேன். மெளகு மொதல்ல போகட்டும். பின்னாடியே நான் வர்றேன்.”

ஆறு கிலோ இருக்கலாம். என் பெட்டியில் இடம் இருந்தது. எந்தச் சுங்க அதிகாரியும் ஒரு கிழவனின் பெட்டியில் மிளகைத் தேடப்போவதில்லை. தேடினாலும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடுவான்.

“நியாயமான அளவுன்னு விதியில இருக்கு அக்கா. எவ்வளவுன்னு இல்லை. நான் எழுதிக் கேக்குறேன். பதில் வந்ததும் செய்யலாம்.”

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமில்லை. சின்ன வயதில் நான் அட்டைப் பூச்சிக்குப் பயந்து ஓடையைத் தாண்டாமல் நிற்கும்போது அக்கரையிலிருந்து அப்படித்தான் பார்ப்பாள்.

“எழுது” என்றாள். “மெளகு வந்தா நான் சங்கத்த விட்டுட்டேன்னு வச்சுக்க. வரலேன்னா நான் வரலேன்னு வச்சுக்க.”

மூட்டை மறுபடியும் கொக்கிக்குப் போயிற்று.

புறப்பட்ட அன்று பஸ் நிறுத்தம் வரை அவள் வரவில்லை. முழங்கால் வலி என்றாள். கணேசன் கொண்டுவந்து விட்டார். காசு வாங்க மறுத்தார். ரொட்டிப் பொட்டலத்தை ரயிலில் பிரித்தேன். இருவருக்குப் போதுமான அளவு. பதுளை வங்கியின் ரசீதைக் காட்டி விமான நிலையத்தில் மிச்ச ரூபாயை மாற்றினேன். எல்லாம் முறைப்படி நடந்தது. அவ்வளவு ஒழுங்காக நான் வெறுங்கையோடு திரும்பினேன்.

திருச்சிக்கு வந்த மறுநாளே சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். பொருள், பார்வை, கேள்வி, இணைப்பு எல்லாம் வைத்து: வயதான பெண் பயணி ஒருவர் சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு மிளகு கொண்டுவரலாம்? ஒப்புகை அட்டை வந்தது. பதில் வரவில்லை. நினைவூட்டல் எழுதினேன். அதற்கும் ஒப்புகை அட்டை வந்தது.

காலையில் நாளிதழில் மூன்று எண்களைப் பார்க்கும் பழக்கம் வந்தது: டாலருக்கு இலங்கை ரூபாய், டாலருக்கு நம் ரூபாய், கொச்சியில் மிளகு. வேலையில் இருந்தபோதுகூட இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. மிளகு ஏறினால் அக்கா மூட்டையை விட மாட்டாள் என்று தோன்றும். இறங்கினால், இறங்கிய மிளகோடு வர வெட்கப்படுவாள் என்று தோன்றும். எந்தப் பக்கம் அசைந்தாலும் எனக்கு நஷ்டம். அப்படி ஒரு நிலையில் எந்த வாடிக்கையாளரையும் நான் நிற்க விட்டதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் போனில் அக்கா எப்போதாவது பேசுவாள். மழை என்பாள். கொழுந்து குறைவு என்பாள். கணேசனுக்குப் பெண் குழந்தை என்றாள். நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. ஆடி போயிற்று, ஐப்பசி போயிற்று. கீழ் அறைக்குக் கட்டில் வாங்கினேன். பிறகு எதற்கு வாங்கினோம் என்று அதன்மேல் பழைய நாளிதழ்களை அடுக்கினேன்.

எழுதிய கேள்விக்கு அந்த அலுவலகம் இன்றுவரை பதில் சொல்லவில்லை. வந்தது வேறு: சென்னை வெளிநாட்டுத் தபால் பிரிவிலிருந்து ஓர் அறிவிப்பு. அச்சடித்த தாளில் பேனாவால் நிரப்பியிருந்தார்கள். தங்கள் பெயருக்கு வந்துள்ள பார்சல் தடுத்து வைக்கப்பட்டுள்ளது. பொருள்: மிளகு. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட சரக்கு. உரிய விளக்கமும் ஆவணங்களும் அளிக்காவிட்டால் பறிமுதல் செய்யப்படும். அனுப்புநர்: அழகம்மா, ஸ்பிரிங்வெளி, பதுளை. எடை எழுதியிருந்தது. முழு மூட்டை, ஒரு சுண்டு குறையவில்லை.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்கு இத்தகைய அறிவிப்பைப் படித்து விளக்கியிருக்கிறேன். எல்லோரும் முகம் வெளுத்துப் போவார்கள். நான் தாளை மேசையில் வைத்துவிட்டு, கீழ் அறைக்குப் போய், கட்டிலின் மேலிருந்த நாளிதழ்களை எடுத்து வெளியே போட்டேன். துவாலை இரண்டு எடுத்து வைத்தேன். அபராதமும் தீர்வையும் மிளகின் விலையைவிட அதிகமாக வரும் என்று கணக்கு சொன்னது. வரட்டும்.

பிறகுதான் பழக்கம் நினைவுக்கு வந்து, பேனாவை எடுத்து, தாளின் வலது மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, கார்த்திகை மூன்று, புதன்கிழமை.